கணக்கு டீச்சருக்கு ஒரு குடை

தப்பாகச் சுருட்டிய குடையைப் பார்த்துக்கொண்டு என் அத்தையால் சும்மா இருக்க முடியாது. நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து கவனித்துவருகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு குடை கசங்கிக் கிடந்தால் போதும், அத்தையின் விரல்கள் கைப்பை வாரைப் பிசைய ஆரம்பிக்கும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிவிடுவார். ஒவ்வொரு மடிப்பையும் இழுத்து நீவி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுற்றி, பொத்தானைப் போட்டு, பென்சில் மாதிரி ஆக்கித் திருப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். ஒரு பெரியவர் மட்டும், "ஏம்மா, திருட்டுல இது என்ன புது வகையா?" என்று கேட்டேவிட்டார். வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வாசல் எதுவும் விலக்கில்லை. ஒரு துக்க வீட்டில், செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த குடைகளையெல்லாம் வரிசையாகச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே அழப் போனார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, எங்கள் வீட்டிலேயே இருந்து என்னை வளர்த்தவர். குடைப் பட்டறை ஒன்றில் துணி தைப்பவர். அங்கே செய்வது மழைக் குடை அல்ல, அலங்காரக் குடை. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள், நாடகக் குழுவினர், விளம்பரப் படம் எடுப்பவர்கள் வாடகைக்கு எடுத்துப்போவார்கள். சரிகை ஓரம் வைத்தவை, குஞ்சம் தொங்குபவை, கோபுரம் போலக் கூம்பியவை, தட்டு போல விரிந்தவை என்று அந்த மாடி அறையின் கூரை முழுக்கக் கொக்கிகளில் தொங்கும். ஆளுயரத்துக்கு மேலே எங்கு பார்த்தாலும் குடை. கீழே நீளமான வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், கம்பி வளைக்கும் மூலை, முதலாளியின் நாற்காலி. அவ்வளவுதான் பட்டறை.

பட்டறையில் அத்தையைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இன்னொருதடவை அக்கா" என்பார்கள். குடைத்துணியின் எட்டு முக்கோணத் துண்டுகளையும் சேர்த்துத் தைத்து, சட்டத்தில் மாட்டி, விரித்துப் பார்ப்பார். மற்றவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. இவர் மட்டும் உதட்டைச் சுழித்து, "இன்னொருதடவை" என்று தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். முதலாளிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு ஏறும். கம்பியை வளைத்துச் சட்டம் கட்டுபவர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் கம்பிக்காரர். அவர் அதைக் கேலியாக்கிவிட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, "அக்கா, உப்பு சரியா இருக்கா? இல்ல, வீட்டுக்குப் போயி இன்னொருதடவை சமைச்சிட்டு வரீங்களா?" என்பார்.

"உன் வாய்க்கு ஒரு பொத்தான் வெச்சுத் தைக்கணும்டா" என்பார் அத்தை.

"தைங்க. ஆனா நீங்க தைச்சா நாலு நாள்ல பிரிச்சிருவீங்க. எனக்குக் கவலையில்ல."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதுகலையில் ஆய்வுக்குப் பொருள் கேட்டபோது வெயில் குடைகளின் வரலாறு என்று சொல்லிவிட்டேன். பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. அத்தையின் பட்டறை பக்கத்தில் இருக்கிறது, அலைச்சல் மிச்சம் என்று நினைத்தேன். "குடையப் பத்திப் படிக்கிறதுக்குக் காலேஜ் எதுக்கு? அத்தை பக்கத்துல போயி உக்காரு" என்றார் அப்பா. உட்கார்ந்தேன். நூலகத்தில் படித்ததை அத்தையிடம் சொல்வேன். அவர் நூலைப் பல்லில் கடித்தபடி கேட்பார்.

முதலில் குடை என்பது இன்னொருவர் பிடிக்க, அரசர்கள் அதன் அடியில் நடக்கும் பொருளாக இருந்தது. பல நூற்றாண்டு கழித்து ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைக்கு அதுவே ஒரு நகை மாதிரி வந்து சேர்ந்தது. கையுறை, விசிறி, தொப்பி, குடை எல்லாம் உடைக்குப் பொருந்த வேண்டும். நடந்து போக ஒன்று, குதிரை வண்டியில் போக ஒன்று. வண்டிக் குடையின் காம்பில் ஒரு கீல் இருக்கும். சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் குடையின் தலையை மட்டும் சாய்த்துக்கொள்ளலாம். சில குடைகளின் நுனியில் வளையம் இருக்கும். மடக்கியபின் அந்த வளையத்தை விரலில் மாட்டி, கைப்பிடி கீழே தொங்கும்படி எடுத்துப்போவார்கள்.

"தலைகீழாவா?" அத்தை ஊசியைக் கீழே வைத்தார்.

"ஆமா அத்தை. படம் இருக்கு, பாருங்க."

பார்த்தார். "அப்படிப் பிடிச்சா மடிப்பு தானா தொங்கிடும், பாவாடை மாதிரி. சுருட்டவே வேணாம். புத்திசாலிங்கதான்."

வெளிறிய தோல்தான் அந்தக் காலத்துச் செல்வத்தின் அடையாளம், வயலில் நின்று வேலை செய்யாதவள் என்பதற்குச் சாட்சி, அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு குடையும் என்றேன். பிறகு ஒரு காலம் வந்தது, கடற்கரையில் படுத்துத் தோலைக் கறுக்க வைத்துக்கொள்வது நாகரிகமானது, குடை அலமாரிக்குள் போய்விட்டது என்றும் சொன்னேன்.

"கறுக்கறதுக்குக் காசு செலவு பண்ணாங்களா?" கம்பிக்காரர் மூலையிலிருந்து தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்போ நம்ம எல்லாரும் பிறவிக் கோடீஸ்வரங்கக்கா. யாரும் சொல்லவே இல்ல பாருங்க."

பட்டறையில் எழுதாத விதி ஒன்று இருந்தது. வெளித்துணி எந்த நிறமாகவும் இருக்கலாம், உள்துணி ரோஸ். அத்தை வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஸ்டூடியோ விளக்கில், பவுடர் பூசிய முகத்தின்மேல் அந்த ரோஸ் வெளிச்சம் விழுந்தால் முகம் பூத்தாற்போல இருக்கும். நான் படித்த புத்தகங்களிலும் அதே அறிவுரையைக் கண்டேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நாகரிகப் பத்திரிகைகள், ரோஸ் உள்துணி முகத்துக்குப் பொலிவு தரும், பச்சை ஆகாது என்று பெண்களுக்குச் சொல்லியிருக்கின்றன. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "நாங்க சும்மா வெக்கல, புத்தகத்துலயே இருக்கு" என்றார்.

இந்த நேரத்தில்தான் கணக்கு டீச்சருக்காக நான் அத்தையிடம் ஒரு குடை கேட்டேன்.

பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்தவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மணிக்கணக்காக வாதாடியவர். அவருடைய முகத்திலும் கைகளிலும் தோல் அங்கங்கே நிறமிழந்து வெள்ளைத் திட்டுகளாக இருக்கும். அவர் அதை மறைத்ததும் இல்லை, அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆனால் அந்த இடங்களில் வெயில் பட்டால் சிவந்து எரியும், சில நாள் கொப்பளித்துவிடும். அதனால் டாக்டர் சொன்ன பெரிய கறுப்புக் குடை இல்லாமல் வெளியே வர மாட்டார். அதன் உள்ளே வெள்ளி பூசிய தடித்த துணி. விரித்தால் ஒரு சின்னக் கூடாரம்.

கடைத்தெருவில் பார்த்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"உங்க அத்தை அழகு குடை செய்யறாங்களாமே? எனக்கு ஒண்ணு வேணும்மா. போன வருஷம் விளையாட்டு விழாவுல மைதானத்துல நிக்கறேன். ஒரு பையனோட அம்மா வந்து, 'டீச்சர், ஆபரேஷன் ஆச்சா? ஏன் நிக்கறீங்க?'ன்னு நாற்காலி எடுத்துப் போட்டுட்டுப் போறாங்க. இந்தக் குடையைப் பிடிச்சாலே நான் நோயாளி. எனக்கு வெயில் படக்கூடாது. பாக்க நல்லா இருக்கணும். ஏன் பிடிச்சிருக்கீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது, எங்க வாங்கினீங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

இதை அத்தையிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. அதுவரை அவர் தைத்த குடை ஒன்றுகூட வெளியே தங்கியதில்லை. காலையில் போகும், படப்பிடிப்பு முடிந்ததும் கொக்கிக்குத் திரும்பி வந்துவிடும். யாருடைய குடையாகவும் அது ஆனதில்லை. "ஒண்ணாவது போயி ஒருத்தர்கூட இருக்கட்டும்டி" என்றார். முதலாளி தலையைச் சொறிந்தார். விற்பனைக்கென்று அங்கே எதுவும் செய்ததில்லை. கடைசியில், வேலை நேரத்தைத் தொடாமல் செய்வதானால் செய்துகொள் என்று விட்டுவிட்டார்.

அந்தக் குடை அழகாகத்தான் வந்தது. வெளியே கருநீலம். ஓரத்தில் தந்த நிறச் சரிகை, அகலம் குறைவாக, வகுப்பறைக்குள் கொண்டுபோனாலும் உறுத்தாத அளவு. வெயில் ஊடுருவாதபடி நடுவில் கனமான கறுப்புத் துணி. காம்புக்குக் கம்பிக்காரர் வண்டிக் குடை மாதிரி ஒரு கீல் வைத்துத் தந்தார், நான் காட்டிய படத்தைப் பார்த்து. உள்துணி, வழக்கம்போல ரோஸ். அந்த வருடத்து விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் டீச்சர் பட்டறைக்கு வந்து, குழல்விளக்குக்கு அடியில் பிடித்து நின்றார். எல்லோரும் கைதட்டினோம். டீச்சர் காம்பை மடக்கி மடக்கிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மறுநாள் அத்தை விடுப்பு எடுத்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போய் பள்ளி மைதானத்துச் சுற்றுச்சுவர் ஓரம் நின்றார். டீச்சர் மாணவர் வரிசையின் முன்னால் வந்து குடையை விரித்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு ஆசிரியை சரிகையைத் தொட்டுப் பார்த்து, "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

அந்த மைதானம் வெளிறிய மணல். வெயில் ஏற ஏற, தரையிலிருந்து எழும் ஒளி குடையின் உள்பக்கம் போய் மோத ஆரம்பித்தது. பட்டறையில் தரை அழுக்குச் சிமென்ட். அங்கே கீழிருந்து வெளிச்சம் வந்ததே கிடையாது. இப்போது ரோஸ் துணி விளக்குப்போல எரிந்தது. டீச்சரின் மாநிறத் தோலில் அது தெரியவே இல்லை. வெள்ளைத் திட்டுகளில் மட்டும் தெரிந்தது. கன்னத்தில், மோவாயில், கண்ணோரத்தில், விரல்களில், ஒவ்வொரு திட்டும் தனித்தனியாக ரோஸ் நிறத்தில், யாரோ வெட்டி ஒட்டிய மாதிரி.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு குட்டிப் பெண்தான் முதலில் சொன்னாள். "டீச்சர், உங்க மூஞ்சில பூ ஒட்டியிருக்கு!"

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கையிலயும் இருக்கு!" "ரோஸ் டீச்சர்!" என்று வரிசை முழுக்கச் சிரிப்புப் பரவியது. டீச்சர் தன் கையைப் பார்த்தார். குடையை மடக்கினார். கொஞ்ச நேரம் வெறும் வெயிலில் அப்படியே நின்றார். யாரோ ஓடிப்போய் ஆசிரியர் அறையிலிருந்து கறுப்புக் குடையை எடுத்துவந்து கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது அத்தை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தெருமுனையில் நின்று, "அந்த மண்ணாலதான்" என்றார். சற்றுத் தள்ளி, "பசங்களுக்கு வளர்ப்பு சரியில்ல" என்றார். வீட்டு வாசலில், "பேசாத" என்றார். நான் எதுவும் பேசியிருக்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் குடையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மோவாயில் தோல் உரிந்திருந்தது. குறையாக எதுவும் சொல்லவில்லை. அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னொருதடவை பண்ணித் தரேன் டீச்சர். என் பொறுப்பு" என்றார்.

"அவசரமில்லக்கா. அடுத்த விழாவுக்குள்ள வந்தாப் போதும்."

அவர் படியிறங்கிப் போனதும் கம்பிக்காரர் பெருமூச்சு விட்டார். "அக்காகிட்டப் போயி அவசரமில்லன்னு சொல்லலாமா? படிச்ச டீச்சர். போச்சு."

நான் நூலகத்துக்குப் போய் அதே புத்தகங்களை மறுபடி பிரித்தேன். விதி அங்கேயேதான் இருந்தது. ரோஸ் உள்துணி, வெளிறிய முகத்துக்கு உயிரோட்டம் தரும். வெளிறிய முகத்துக்கு. அந்தச் சொல்லை நான் முன்பே படித்திருக்கிறேன். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். வெளுத்த முகங்களுக்காக ஒருகாலத்தில் சொன்னது, எந்தெந்தக் கைகள் வழியாகவோ எங்கள் மாடிப் பட்டறைக்கு வந்து, ஏன் என்று கேட்காத வழக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ.

"இத முன்னாடியே படிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினார். "அப்புறம் என்னத்துக்கு உனக்குப் படிப்பு?"

அதன் பிறகு சோதனைகள் தொடங்கின. காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியைக் கன்னத்திலும் மோவாயிலும் வெட்டி ஒட்டிக்கொண்டு, எங்கள் மொட்டைமாடிக்கு ஏறுவார். தரையில் வெள்ளைப் போர்வையை விரிப்பார், மைதானத்து மணலுக்குப் பதிலாக. உள்துணி இல்லாத ஒரு குடையின் அடியில் வெவ்வேறு நிறத் துணிகளைக் குண்டூசியால் குத்திப் பிடித்துக்கொண்டு, கைக்கண்ணாடியில் பார்ப்பார். மஞ்சள், சந்தனம், சாம்பல், பாக்கு நிறம். என்னைப் போனில் படம் எடுக்கச் சொல்வார். போன் கேமரா எந்த வெளிச்சத்தையும் தானே திருத்திக்கொள்ளும். பத்துத் துணிக்கு எடுத்த பத்துப் படத்திலும் அத்தை ஒரே மாதிரிதான் இருப்பார்.

"இது என்னடி, எல்லாத்தையும் ஒண்ணாக்கி வெச்சிருக்கு?"

"அது தானாவே சரிபண்ணிக்கும் அத்தை."

"யாரு சரிபண்ணச் சொன்னது அத? எனக்கு இருக்கறது இருக்கறபடி வேணும்."

பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் அம்மா, "என்னங்க, மறுபடியும் விழுந்துட்டீங்களா?" என்று கேட்பார். அத்தை அதற்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டார். பிளாஸ்திரியோடே பால் வாங்கப் போய் வந்த நாட்களும் உண்டு.

கடைசியில் தேன் நிறத்தில் வந்து நின்றார். அதிலும் கடையில் கிடைக்கும் தேன் நிறம் பிடிக்காமல், வெள்ளைப் பருத்தியை வாங்கித் தேயிலைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து எடுத்தார். அதன் அடியில் பிளாஸ்திரியும் தோலும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "அத்தை, இதேதான்" என்றேன். அத்தையும் தலையாட்டினார். அது நடந்தபோது விழாவுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

பிறகு தைத்தார். பிரித்தார். தேயிலையில் நனைந்த துணி கொஞ்சம் சுருங்கியிருந்ததால் துண்டுகள் வெளித்துணியோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி வெட்டினார். மறுபடி சாயம். இந்தத் தடவை நிறம் ஒரு படி ஆழமாகிவிட்டது. பிரித்தார். முதலாளி ஒரு நாள் மேசையருகே வந்து நின்று, "இது என்ன ஆர்டரா, ஆராய்ச்சியா? தெரிஞ்சா போர்டை மாத்தி எழுதிடலாம்" என்றார். அத்தை நிமிரவே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் மாலை டீச்சர் நேரே பள்ளியிலிருந்து வந்தார். குடை விரித்தபடி கொக்கியில் தொங்கியது. எல்லாம் முடிந்த குடை. டீச்சர் அண்ணாந்து பார்த்து, "நல்லா இருக்கே!" என்றார்.

"ஒரு துண்டுல சுருக்கம் இருக்கு" என்றார் அத்தை.

"எங்க?"

அத்தை காட்டினார். மடிப்பு ஓரத்தில், சட்டத்தோடு துணி சேரும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ இருந்தது. இருந்ததாகத்தான் சொல்ல வேண்டும்.

"பரவாயில்லக்கா. குடுங்க."

"காலையில வாங்க. ராத்திரியோட ராத்திரியா பிரிச்சுத் தைச்சு வெச்சிடறேன்."

"பிரிச்சீங்கன்னா காலையில இருக்காது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். குடுங்க."

"இல்ல டீச்சர். அன்னிக்கு மாதிரி ஆயிடக் கூடாது. இந்தத் தடவை ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாதபடி..."

"எது தெரியாதபடி?"

அத்தை அந்தச் சுருக்கத்தை விரலால் நீவினார். இன்னொரு தையல் மெஷின் ஓட்டுபவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"மறைச்சுத் தாங்கன்னு நான் எப்பக்கா கேட்டேன்?" டீச்சரின் குரல் உயரவில்லை. வகுப்பில்கூட அவர் குரல் உயர்ந்ததில்லை, நாங்கள் பயந்தது அதனால்தான். "வெயில் படக்கூடாது, பாக்க நல்லா இருக்கணும். ரெண்டே விஷயம். மூணாவதா ஒண்ண நீங்களே சேத்துக்கிட்டு, ஒரு வருஷமா அதுக்கு விடை தேடிட்டு இருக்கீங்க. கேள்வியில இல்லாததுக்கு விடை எழுதினா நான் மார்க் போட மாட்டேன்."

"பசங்க சிரிச்சாங்களே டீச்சர். நான் பாத்தேன்."

"சிரிச்சாங்க. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அன்னிக்கே அந்த ரோஸ் துணியை உருவிப் போட்டுட்டு வெறும் கறுப்போட குடுத்திருந்தீங்கன்னா இந்த வருஷம் பூரா பிடிச்சிருப்பேன்."

"உள்துணி இல்லாமயா?" அத்தை நிஜமாகவே அதிர்ந்துபோனார். "கம்பியெல்லாம் தெரியும். அது குடை இல்ல, எலும்புக்கூடு."

"எனக்கு அந்த எலும்புக்கூடு போதும்."

டீச்சர் கையை உயர்த்திக் குடையின் காம்பைப் பிடித்தார். அத்தையும் பிடித்தார். இரண்டு பேரும் இழுக்கவில்லை, விடவும் இல்லை. மேலே கொக்கி மட்டும் கிறீச்சிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒருவர் என்னை வளர்த்தவர், ஒருவர் என்னைப் படிக்க அனுப்பியவர். யார் பக்கம் நின்றாலும் மற்றவருக்குத் துரோகம் என்று நினைத்தேன். அதனால் இரண்டு பேர் பக்கமும் நிற்கவில்லை.

கடைசியில் டீச்சர்தான் கையை எடுத்தார். "சரிக்கா. உங்க குடை, உங்க கூடவே இருக்கட்டும்" என்று சொல்லி, தன் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"கூப்பிட்டுக் குடுங்கக்கா" என்றார் கம்பிக்காரர். அவர் குரலில் கேலி இல்லை. "இன்னும் படியிலதான் போறாங்க."

"சுருக்கம் இருக்குடா."

"என் மூஞ்சியிலகூடத்தான் இருக்கு. என் பொண்டாட்டி என்ன, பிரிச்சுத் தைச்சிட்டு வான்னா அனுப்பிட்டா?"

மெஷின் ஓட்டுபவர் சிரித்துவிட்டார். அத்தை கொக்கியிலிருந்து குடையை இறக்கி, மேசையில் வைத்து, பிரிக்கும் ஊசியை எடுத்தார்.

காலையில் குடை இல்லை. எட்டுத் துண்டுகள்தான் இருந்தன. டீச்சர் மைதானத்தில் கறுப்புக் குடையோடு நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பார்க்கப் போகவில்லை.

அத்தையை எனக்குப் புரியாமல் இல்லை. தன் கையால் செய்த ஒன்று ஒரு மனுஷியை ஊர் முன்னால் சிரிப்புக்கு ஆளாக்கியதைப் பார்த்துவிட்டார். இனி குற்றமே சொல்ல முடியாத ஒன்றைத்தான் அவரால் கொடுக்க முடியும். அப்படி ஒன்று எந்தப் பட்டறையிலும் செய்ததில்லை என்பது முப்பது வருடம் தைத்தவருக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் ஏன் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருவரைப் புரிந்துகொண்டால் கோபம் தணியும் என்று எங்கோ படித்திருந்தேன். தணியவில்லை. என் ஆய்வில் ரோஸ் உள்துணிக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அதைப் படித்த யாரும் அந்த அத்தியாயத்துக்கு ஒரு குடை பாக்கி இருக்கிறது என்று சொல்லவில்லை.

சில மாதங்களில், கல்யாணமாகிப் போயிருந்த அத்தையின் மகளுக்குப் பிரசவம். வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள் என்று அத்தை கிளம்பினார். பெட்டியில் சட்டம், காம்பு, எட்டுத் துண்டு கருநீலத் துணி, தேயிலைச் சாயம் போட்ட பருத்தி எல்லாம் போயிற்று. "அங்க நேரம் நிறைய இருக்கும், நிதானமா முடிச்சிடுவேன்" என்றார். நிதானம் என்ற சொல்லைக் கேட்டதும் கம்பிக்காரர் வெளியே போய்விட்டார். பேரன் பிறந்தான், தவழ்ந்தான், நடந்தான். அத்தை அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய இடத்தில் வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். அவள் எதையும் பிரிப்பதில்லை, முதலாளிக்கு ரத்தக் கொதிப்புகூட இறங்கிவிட்டது என்கிறார்கள்.

அத்தை போனில் பேசும்போதெல்லாம் குடையைப் பற்றித்தான் முதலில் சொல்வார். ஒரு தடவை ஓரச் சரிகை மட்டும் பாக்கி. இன்னொரு தடவை அந்த ஊர் வெயிலில் பார்த்தால் தேன் நிறம் சரியில்லை, கொஞ்சம் சாம்பல் கலக்க வேண்டும். போனில் ஒரு படம் அனுப்பினார். என்ன நிறம் என்று அதைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன். அவரே கேட்டார்.

"உங்க அத்தை எப்படி இருக்காங்க? குடை?"

"அடுத்த வெயிலுக்குள்ள கண்டிப்பா முடிச்சிடறேன்னு சொல்லச் சொன்னாங்க டீச்சர்."

நான் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து காரணம் சொன்னால் பார்ப்பது மாதிரி பார்த்தார். "எந்த வருஷத்து வெயில்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார்.

அன்றைக்கே அத்தைக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "குழந்தை எழுந்துட்டான், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.